சிரிக்கிற வரைக்கும்

சட்டையின் கழுத்து பெரிதாகப் போயிருந்தது. அத்தை காலர் பொத்தானைப் பிரித்தெடுத்து, துணியில் சோப்புத் துண்டால் புதிய இடம் குறித்து, ஊசியில் வெள்ளை நூல் கோத்தாள். பள்ளிச் சீருடைகளும் காவலர் சீருடைகளும் தைத்த கை அது. கடையை மூடிப் பல வருடங்கள் ஆகியும் ஊசியைப் பிடித்தால் தானாக நேராகிவிடும்.

“இன்னைக்கு அந்தப் பொத்தானை யாரு பாக்கப் போறாங்க அத்தை?” என்றாள் பெரியவள்.

“நான் பாக்கறேன்ல.”

பெரியவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கட்டிலில் கிடந்தவர் அவளுக்கு அப்பா, அத்தைக்குத் தம்பி. விடிந்து சற்று நேரத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு காலோடு நிறுத்திவிட்டார். டீ கொண்டுவந்த அத்தை, என்ன இவ்வளவு நேரம் குனிந்தே இருக்கிறான் என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்தில் போன மாதிரிதான், வலியே இருந்திருக்காது என்றார். “தூக்கத்துல இல்ல, சாக்ஸ் போடும்போது” என்று அத்தை திருத்தினாள். இன்னொரு காலுக்கு அவளே சாக்ஸ் மாட்டிவிட்டாள்.

“கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.”

பஞ்சுக்காரர் குனிந்து மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்தார். அத்தையின் தம்பி ஊருக்கு மாஸ்டர், குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தவர். பஞ்சுக்காரர் அவரோடு முப்பது வருடம் மேடை மூலையில் நின்றவர். ரவுண்டுக்கு ரவுண்டு கிடைக்கும் ஒரு நிமிட இடைவெளியில், கிழிந்த புருவத்திலும் உதட்டிலும் பஞ்சை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்துவது அவர் வேலை. இன்றைக்கு அதே விரல்களால் மாஸ்டரின் சட்டைக் கையை இழுத்து விட்டார். அத்தை பொத்தானைப் போட்டாள். காலர் சரியாக உட்கார்ந்தது.

“இப்பவாவது சின்னவனுக்குச் சொல்லலாமா?” என்றாள் பெரியவள்.

“சண்டை முடியட்டும்.”

“அவனுக்கும் அப்பாதானே அத்தை? பக்கத்துல இருக்கற எனக்கு ஒரு நியாயம், தூரத்துல இருக்கறவனுக்கு ஒரு நியாயமா?”

அத்தை ஊசியை மார்புத் துணியில் குத்திக்கொண்டாள். “இப்பச் சொன்னா என்ன செய்வான்? சண்டையை விட்டுட்டு விமானம் ஏறுவான். ஊர் என்ன சொல்லும் தெரியுமா? போன தடவை அப்பன் துண்டு போட்டான், இந்தத் தடவை சாக்குச் சொல்ல அப்பனே கெடைச்சான்னு சொல்லும்.”

“ஊரு, ஊரு. செத்தது ஊரா?”

“நாளைக்குக் காலைலதான் எடுக்கறோம். அதுக்குள்ள அவன் வந்துடுவான். வாசக் கதவைச் சாத்து.”

பெரியவள் போய்ச் சாத்தினாள். சாத்தும்போது கதவு கொஞ்சம் பலமாகவே மோதியது.

சின்னவன் என்பது வீட்டுப் பேர். வாசல்படி தாண்டும்போது தலை குனிய வேண்டிய ஆள். ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்தவன். போன வருடம் அந்தப் பட்டத்தை ஒரு இடதுகைக்காரனிடம் இழந்தான். விழுந்து இழந்திருந்தால் வேறு கதை. சின்னவன் நின்றுகொண்டிருந்தபோதே, மூலையிலிருந்த அவன் அப்பா வெள்ளைத் துண்டை மேடைக்குள் வீசிவிட்டார். பயிற்சியாளர் துண்டு வீசினால் சண்டை அத்தோடு முடிந்தது, எங்கள் ஆள் தோற்றான் என்று பொருள். உடைமாற்றும் அறையில் கேமராக்காரர்கள் பார்க்கவே சின்னவன், “நான் விழலை. நீங்கதான் விழுந்தீங்க” என்று அப்பாவிடம் கத்தினான். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. சின்னவன் வெளியூர்ப் பயிற்சியாளன் ஒருவனிடம் போய்ச் சேர்ந்துகொண்டான். அந்த வீட்டுக்கும் புதிதாக ஒரு பேர் கிடைத்தது. வழி கேட்டு வருகிறவர்களுக்கு, “துண்டு வீட்டைத் தாண்டி வலது பக்கம்” என்று சொல்லத் தொடங்கினார்கள்.

தம்பி ஊர் திரும்பிய அன்று அத்தை வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “நம்ம வீட்டுல யாரும் பாதியில எழுந்து வந்ததில்ல.” தம்பி பெட்டியைக் கீழே வைத்தார். பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தார். அன்றிலிருந்து தினமும் அதில்தான் முகம் துடைத்தார். அதைப்பற்றி இருவரும் பிறகு பேசியதில்லை.

இன்று சாயங்காலம் மறுசண்டை. அதே இடதுகைக்காரன், அதே பட்டம். சண்டை நடக்கும் தேசத்தில் அப்போது ராத்திரியாக இருக்கும்.

சமையலறையில் ரொட்டிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் ரொட்டி கொடுக்க வந்து, டாக்டரின் கார் நிற்பதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டவர். வெளியே வாய் திறக்கக் கூடாது என்று அத்தை சொன்னதும், கடைக்குப் போனால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று இங்கேயே தங்கிவிட்டார். அத்தை அடுப்பில் தண்ணீர் வைத்தாள். குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம் சமையலறை வரை கேட்டது.

“கேக்கக்கூடாத நேரம்தான்,” என்று ரொட்டிக்கடைக்காரர் பஞ்சுக்காரரிடம் குரலைத் தாழ்த்தினார். “ஆனா கேக்காம இருக்க முடியல. இன்னைக்கு நம்ம பையன் ஜெயிப்பானா?”

“நீ எந்த நேரத்துலயும் கேப்பே. நான் செத்தாலும் என் தலைமாட்டுல வந்து கேப்பே.”

“உன் தலைமாட்டுல யாருகிட்டக் கேக்கறது? பதில் சொல்ற ஆளே நீதானே.”

பஞ்சுக்காரர் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்தார். “பத்துக்கு நாலுன்னு வெச்சுக்கோ.”

“போன தடவையும் நாலுன்னே.”

“போன தடவை மூணுன்னுதான் மனசுல இருந்தது. மாஸ்டர் பக்கத்துல இருந்தார், வாயில நாலு வந்துருச்சு. இந்தத் தடவை மனசுலயே நாலு.”

“எதனால ஒண்ணு கூடுச்சு?”

“கால். அந்த எடதுகைக்காரன் ஒசரம். கையும் நீளம். தூரத்துல நின்னு குத்திட்டே இருப்பான். போன தடவை நம்ம ஆளு நேரா அவன் கைக்குள்ள நடந்து போனான், புருவம் கிழிஞ்சுது. இப்ப அவன் முன்னங்காலுக்கு வெளிப்பக்கமாக் காலை வெச்சு, பக்கவாட்டுல நுழைஞ்சு விலாவுல குடுக்கறான். பயிற்சி ஆட்டம் காட்டினாங்கல்ல டிவியில, பாத்தேன். புதுசாப் பயிற்சி குடுக்கற ஆளு வேலை தெரிஞ்சவன்தான். ஆனா நம்ம பையனுக்கு வயசு இருக்கு. அடி வாங்கின புருவம் பழைய எடத்துலயே கிழியும், அதை யாரும் சொல்லிக்குடுத்து மாத்த முடியாது.”

“அந்த ஆளைப் பத்தின பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்,” என்றாள் அத்தை, திரும்பாமலே.

“புருவத்தைப் பத்தித்தான் சொன்னேன் அக்கா.”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்க.”

பஞ்சுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஊறிய ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

“புள்ளைய வளர்த்து, தொழில் சொல்லிக்குடுத்து, பட்டம் வாங்கற வரைக்கும் கொண்டுவந்தது ஒருத்தன். வீட்டுல ஒரு சண்டை வந்ததும் வாசல்ல வந்து நின்னு கூட்டிட்டுப் போனது இன்னொருத்தன். அவன் வேலை தெரிஞ்சவனா இருந்தா எனக்கென்ன, தெரியாதவனா இருந்தா எனக்கென்ன?” அத்தை டீயை வடிகட்டினாள். ஒரு துளியும் வெளியே சிந்தவில்லை. “அந்தக் குழாய் வேற. தம்பி தினமும் குழாய்க்காரனோட போன்ல அப்படியென்னதான் பேசுவானோ, வந்து சரி பண்ணின பாடில்ல.”

ரொட்டிக்கடைக்காரர் பஞ்சுக்காரரைப் பார்த்தார். பஞ்சுக்காரர் டம்ளரைப் பார்த்தார்.

மதியம் தாண்டி அழைப்பு மணி அடித்தது. அத்தை தலையை வாரிக்கொண்டு, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவைத் திறந்தாள். திறந்த அகலம் அவள் தோள் அகலம்தான். வெளியே ஒரு தொலைக்காட்சி நிருபரும், கேமரா சுமந்த ஒருவனும்.

“வணக்கம்மா. மாஸ்டர்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும். புதுப் பயிற்சியாளர்கிட்டப் போனப்புறம் மகனுக்கு ஜெயிக்கற வாய்ப்பு எப்படின்னு, பழைய பயிற்சியாளரா அவர் கருத்து.”

“படுத்திருக்கார்.”

“உடம்பு சரியில்லையா?”

“படுத்திருக்கார்னு சொன்னேன்.”

“அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. வாய்ப்பு எப்படி?”

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தைக்கு ஏற்கெனவே நேராக இருந்த முதுகு இன்னும் கொஞ்சம் நேரானது.

“எங்க வீட்டுப் புள்ள. போய் நிப்பான்.”

“நிப்பார் சரி. ஜெயிப்பாரா?”

“நிக்கறது அவன் வேலை. ஜெயிச்சானா தோத்தானான்னு சொல்றது உங்க வேலை. அதைச் சாயங்காலம் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

“அப்பாவும் மகனும் பேசிக்கறதில்லைன்னு…”

“உங்க வீட்டுல யாரு யாரோட பேசறாங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. நான் கேட்டதும் இல்ல.”

நிருபர் சிரித்துக்கொண்டே பின்வாங்கினான். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அத்தை வாசலில் நின்றாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழக்கம்போல் தலையசைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

தம்பியின் அறையில் பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நேற்று மாஸ்டர் கூடத்திலிருந்த டிவியை இந்த அறைக்குத் தூக்கிவந்திருந்தார். அதற்கு நேர் எதிரே ஒரு மரநாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. சுவரிலிருந்து நீளமான ஒயர் இழுத்து, முக்காலிமேல் போனைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தார். கூடத்தில் பார்த்தால் என்ன கேடு, இந்த வயதில் டிவியைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளவா என்று அத்தை திட்டியிருந்தாள். இங்கேதான் திரை கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார்.

அந்தப் போன் அடித்தது. திரையில் ‘குழாய்க்காரர்’ என்று வந்தது.

அத்தை எடுத்தாள். இனி வர வேண்டாம் என்று சொல்லத்தான் எடுத்தாள்.

“அண்ணே, எல்லாம் சரியா இருக்கு,” என்றது அந்தப் பக்கக் குரல், அவள் பேசுவதற்கு முன்பே. “காலைல நல்லா எழுந்தான். காலு நீங்க சொன்ன மாதிரியேதான், வெளிப்பக்கமா வெக்கறான். மூணாவது ரவுண்டு வரைக்கும் விலா மட்டும்தான்னு சொல்லிட்டேன். முகத்துக்குப் போகவே கூடாதுன்னு. அண்ணே? கேக்குதா?”

“குழாய்க்காரரா?” என்றாள் அத்தை.

“அண்ணனோட அக்காவாம்மா?”

“நீங்க யாரு?”

“நான்… சின்னவனோட கோச்சும்மா.”

அத்தை போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையை மறுபடி பார்த்தாள். குழாய்க்காரர் என்றுதான் இருந்தது. திரும்பக் காதில் வைத்தாள்.

“எத்தனை நாளா நடக்குது இந்தக் குழாய் வேலை?”

“ஆரம்பத்துலேருந்தேம்மா. என்னை அவன்கிட்ட அனுப்பினதே அண்ணன்தான். என் பேச்சைக் கேக்கமாட்டான், உன் பேச்சைக் கேப்பான், நீ போன்னார். தினமும் பேசுவோம். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னையும் விட்டுட்டுப் போயிடுவான்.”

“எனக்கு ஏன் தெரியக்கூடாது?”

குழாய்க்காரர் தயங்கினார். “உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னார். சின்னவன் ஒரு கேள்வி கேட்டாப் போதும், எங்க அக்கா முகத்துலயே எழுதியிருக்கும், போன்ல கேட்டாக்கூடத் தெரிஞ்சிடும்னார்.”

பெரியவள் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து அருகில் வந்தாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலர் கொஞ்சமும் நலுங்காமல் இருந்தது.

“அண்ணன்கிட்டக் குடுங்கம்மா. அந்தத் துண்டு விஷயம் ஒரு தடவை பேசிக்கணும்.”

“குடுக்க முடியாது,” என்றாள் அத்தை. “காலைல போயிட்டான்.”

அந்தப் பக்கம் யாரோ பிளாஸ்திரி நாடாவைச் சர்ரென்று கிழிக்கும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். கதவு ஒன்று சாத்தப்பட்டு அந்தச் சத்தங்கள் நின்றன. குழாய்க்காரர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

“அவன்கிட்ட…” என்று தொடங்கினார்.

“சொல்ல வேண்டாம்.”

“சரிம்மா. ஆனா அவன் உங்களைக் கூப்பிடுவான். சண்டைநாள்ல கூப்பிடுவானாமே” என்றார்.

கூப்பிடுவான். அது அந்த வீட்டில் பழக்கம். முதல் சண்டையிலிருந்தே, அரங்கத்துக்குக் கிளம்பும் முன் சின்னவன் அத்தையை அழைப்பான். அம்மா இல்லாத பிள்ளை, வளர்த்தவள் அவள். கிளம்பறேன் என்பான். முதுகை நிமிர்த்தி நில்லு என்பாள். வைத்துவிடுவாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. ஜெயித்த பிறகும் அவள் பாராட்டியதில்லை, தோற்றபோதும் ஆறுதல் சொன்னதில்லை. முதுகு நிமிர்ந்திருந்ததா என்று மட்டும் பத்திரிகைப் படத்தில் பார்ப்பாள்.

கூடத்தில் அவளுடைய போன் அடித்தபோது நாலு பேரும் அங்கே இருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றார்.

“அத்தை.”

“ம்.”

“கெளம்பறேன்.”

அந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. எத்தனையோ சண்டைநாளில் சொன்ன வாக்கியம். அத்தை வாயைத் திறந்தாள்.

“சாப்பிட்டியா?”

பெரியவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சாப்பிட்டேன்,” என்றான் சின்னவன், கொஞ்சம் கழித்து.

“என்ன சாப்பிட்டே?”

“முட்டை. ரொட்டி.” பிறகு, “அப்பா என்ன பண்றார்?”

அப்பா என்ற சொல் அவன் வாயிலிருந்து இத்தனை மாதத்தில் இப்போதுதான் வந்தது.

“படுத்திருக்கார்.”

அது பொய்யில்லை. அதற்காகத்தான் அந்தச் சொல்லைக் காலையிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

“அவருக்குக் காலு சில்லுன்னு ஆயிடும்,” என்றான் சின்னவன். “சாக்ஸ் போட்டு விடுங்க.”

“போட்டுவிட்டேன்.”

“ரெண்டு கால்லயும்?”

“ரெண்டு கால்லயும்.”

தூரத்தில் யாரோ அவனை அழைத்தார்கள். அவன் வருகிறேன் என்று சொல்வது, போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தது போல் மங்கலாகக் கேட்டது. பிறகு அருகில் வந்தது.

“நீங்க சொல்லவே இல்லையே.”

“என்ன?”

“முதுகு.”

அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நிமிர்த்தி நில்லு.”

“நிக்கறேன் அத்தை.”

வைத்துவிட்டான். இத்தனை வருடத்தில் அவன் முதலில் வைத்தது இன்றுதான். அத்தை போனைக் கவிழ்த்து வைத்தாள். ரொட்டிக்கடைக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்க,” என்றாள் அத்தை. “நின்னா ஒண்ணும் ஆகப்போறதில்ல.”

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியபிறகு குழாய்க்காரர் மறுபடி அழைத்தார். அத்தை தம்பியின் அறைக்குப் போய், அந்த மரநாற்காலியில் உட்கார்ந்து எடுத்தாள்.

“அவன்கிட்ட என்னம்மா சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

குழாய்க்காரர் பெருமூச்சு விட்டார். “அவனுக்குத் தெரிஞ்சிருச்சும்மா.”

“கேட்டானா?”

“கேக்கலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கையை நீட்டிட்டு உக்காந்தான், நான் துணி சுத்திட்டிருந்தேன். பாதி சுத்தினதும், எங்கப்பா கட்டற மாதிரி கட்டுங்கன்னான். எனக்கு அது எப்படித் தெரியும்னு அவன் கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. அவிழ்த்துட்டு அண்ணன் கட்டற மாதிரி, கட்டைவிரல்லேருந்து ஆரம்பிச்சுக் கட்டினேன். பாத்துக்கிட்டே இருந்தான்.”

அத்தை போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“இப்ப நான் கூப்பிட்டது வேற விஷயம்மா. அண்ணனுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. இன்னைக்கு அண்ணன் டிவியில பாத்துட்டே இருப்பார். போன் கையில இருக்கும். அவர் ஒரு தடவை அடிச்சார்னா, நான் எடுத்துப் பேசக்கூட வேண்டாம், என் இடுப்புல அது அதிர்ந்தாப் போதும், துண்டைப் போட்டுடணும். மூலைல நிக்கற எனக்குப் பாதி நேரம் அவன் முதுகுதான் தெரியும். டிவியில முகம் தெரியும். அந்த முகத்தைப் பாத்துச் சொல்ல அண்ணனைத் தவிர ஆளில்லைன்னு அவரே சொன்னார். இப்ப நான் யாருகிட்டக் கேக்கறது?”

“என்கிட்டயா கேக்கறீங்க?”

“உங்ககிட்டத்தாம்மா.”

“நான் ஒரு சண்டைகூடப் பாத்ததில்ல. எனக்கு என்ன தெரியும்?”

“சண்டையைப் பாக்க வேண்டாம். அதை நான் பாத்துக்கறேன். முகத்தைப் பாருங்க. அண்ணன் சொன்னது இதுதான்: பலமா அடி விழுந்தா அவன் சிரிப்பான். சிரிக்கிற வரைக்கும் விடு. சிரிப்பு நின்னுடுச்சுன்னா, அவன் நின்னுக்கிட்டே இருந்தாலும் உள்ள ஆள் இல்லைன்னு அர்த்தம்.”

அது அத்தைக்குத் தெரியும். மரத்திலிருந்து விழுந்து முழங்கை ஒடிந்தபோது சிரித்துக்கொண்டே வந்து கையைக் காட்டியவன். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிக்கொண்டு சிரித்ததற்காக இன்னும் இரண்டு அடி வாங்கியவன். அவன் அம்மா போன அன்றைக்குத்தான் அந்த முகம் வேறு மாதிரி இருந்தது. அன்றைக்கு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

“போன தடவை,” என்றாள் அத்தை, “சிரிப்பு நின்னுச்சா?”

“நின்னுச்சும்மா. துண்டு விழறதுக்கு முந்தின ரவுண்டுலயே நின்னுடுச்சு. அண்ணன் ஒரு ரவுண்டு தாமதிச்சுட்டார். வீட்டுல எல்லாரும் என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சதுல ஒரு ரவுண்டு போயிடுச்சு, அந்த ரவுண்டுலதான் கண்ணு போகப் பாத்துதுன்னு சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். ஆனா துண்டைப் போட்டதுக்கு ஒருநாள்கூட அவர் வருத்தப்பட்டதில்ல.”

குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால், ஆணியில், அந்தத் துண்டு தொங்கியது. நேற்று ராத்திரி துவைத்துப் போட்டது, காய்ந்து மடமடவென்றிருந்தது.

“நான் அடிச்சா, நீங்க யோசிக்காமப் போடுவீங்களா?”

“போடுவேன்.”

“அவன் உங்ககிட்டயும் கத்துவான்.”

“கத்தட்டும்மா. கத்தறதுக்கு ஆள் வேணும்ல.”

அத்தை கட்டிலைப் பார்த்தாள்.

“போனை இடுப்புலயே வெச்சுக்குங்க,” என்றாள்.

பெரியவள் டிவியைப் போட்டாள். சத்தத்தைக் குறைக்கப் போனவளை அத்தை கையமர்த்தினாள். பஞ்சுக்காரர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், தலைமாட்டில் நின்றார். ரொட்டிக்கடைக்காரர் வாசல்நிலையில் சாய்ந்துகொண்டார். படுத்திருந்தவர் முகமும் திரையின் பக்கம்தான் இருந்தது. டிவியை அப்படித்தான் அவர் வைத்திருந்தார்.

வர்ணனையாளர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிய பயிற்சியாளரிடம் போனது சரியான முடிவா, தந்தையைப் பிரிந்தது மனதைப் பாதிக்குமா, பட்டம் திரும்பக் கிடைக்க எத்தனை சதவீதம் என்றெல்லாம் பேசினார்கள். மதியம் வாசலில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். அத்தை தன்னையே திரையில் பார்த்தாள். போய் நிப்பான் என்று அந்தப் பெண்மணி சொன்னாள். கதவு அகலத்துக்கு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வீடு இருட்டாகத் தெரிந்தது.

“நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க அக்கா,” என்றார் பஞ்சுக்காரர்.

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். தம்பியின் போனை ஒயரிலிருந்து கழற்றி மடியில் வைத்தாள். பெரியவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபடி, ‘குழாய்க்காரர்’ என்ற பெயரைத் திரைக்குக் கொண்டுவந்து அதன்மேல் கட்டைவிரலை வைத்தாள். தொடாமல், தொடும் தூரத்தில்.

சின்னவன் வந்தான். கயிறுகளுக்கிடையே குனிந்து நுழைந்து நிமிர்ந்தான். முதுகு நேராக இருந்தது. ஒரு மனிதர் அவன் தோளிலிருந்த அங்கியை எடுத்தார். வழுக்கை, சின்ன உருவம், கழுத்தில் வெள்ளைத் துண்டு. அத்தை அவரை இப்போதுதான் பார்க்கிறாள். அவர் மூலையில் ஏறி நிற்கவேண்டிய மேல்படியை விட்டுவிட்டு, ஒரு படி கீழே நின்றுகொண்டார்.

“மேல ஏறி நிக்காம ஏன் அங்க நிக்கறார்?” என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

“அது மாஸ்டரோட படி,” என்றார் பஞ்சுக்காரர்.

மணி அடித்தது. சின்னவன் காலை வெளிப்பக்கமாக வைத்து நகர்ந்தான். இடதுகைக்காரன் தூரத்திலிருந்து ஒன்று குத்தினான். காற்று. இன்னொன்று. அதுவும் காற்று. மூன்றாவது நெற்றியில் விழுந்து தலையைப் பின்னுக்குத் தள்ளியது. பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேமரா அருகே போனது. பல்காப்பு தெரிய, சின்னவன் சிரித்தான்.

“டீ போடட்டுமா அத்தை?” என்றாள் பெரியவள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

“வேண்டாம்.”

மடியில் போனின் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் அதன் ஓரத்தைத் தொட்டாள். மறுபடி வெளிச்சம் வந்தது.